முன்சக்கரத்து முடிச்சு

“மிஸ், இந்தக் கார் கியூட்டெக்ஸ் பூசியீக்கி.”

குரல் மட்டும்தான் வந்தது. ஓட்டோக்காரன் பஹீமின் பாதி உடம்பு காருக்கு அடியில் கிடந்தது. மற்றப் பாதி பொலிஸ் நிலையத்துப் பின்முற்றத்துச் சேற்றில் கிடந்தது.

“எங்க?” என்று குனிந்தாள் தர்ஷனா.

“முன் வலது பக்கம். நட்டுக்கு நட்டு மெரூன் கலர்ல ஒரு கோடு. எங்கட ஊட்டுப் பொம்புளக்கும் நகத்துல இவ்வளவு நேரா பூச வராது.”

“தொடாம பாருங்க.”

“தொடல்ல மிஸ். கண்ணாலதான் தடவுறன்.”

அவர்கள் தேடி வந்தது அந்தக் கோட்டைத்தான்.

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதையில், போன கிழமை, ஒரு வளைவில் வளையாமல் நேரே போய்த் தேயிலைக்குள் விழுந்து கல்லில் மோதிய கார் அது. ஓட்டியவன் பெயர் பிரதீஸ். மாநகர சபையில் எழுதுவினைஞன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டான். கார் மட்டும் இங்கே வந்து சேர்ந்திருந்தது. முன் வலது சக்கரம் தன் கால் எலும்பான ஸ்பிரிங்கோடும் இரும்போடும் கழன்று, பக்கத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

பொலிஸார் அதைப் பார்த்ததுமே கதையை முடித்துவிட்டார்கள். கதை இதுதான்: பிரதீஸ் தன் பழைய காரின் அதிர்வு தாங்கும் ஷொக் எப்சோபர்களைக் கழற்றி எறிந்துவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற புதுச் சாமான் போட்டிருந்தான். மரை வெட்டிய உடம்பு, அதில் ஏறி இறங்கும் வளையம், வளையத்தின் மேல் மஞ்சள் நிற ஸ்பிரிங். வளையத்தை ஒரு பக்கம் திருகினால் கார் பதியும், மற்றப் பக்கம் திருகினால் எழும். கராஜுக்குக் கொண்டு போகவில்லை. குண்டசாலை வீட்டுப் பின்முற்றத்தில், மரக்குற்றிகளின் மேல் காரை ஏற்றி வைத்து, மனைவியின் தம்பி கணேஸோடு சேர்ந்து தானே பூட்டினான். நட்டு இறுக்கியது கணேஸ். இறுக்காமல் விட்ட நட்டு ஒன்று வளைவில் கழன்றது. சக்கரம் போனது. ஆள் போனான். கணேஸ் பல்லேகலைச் சிறையில், விளக்கமறியலில் இருந்தான்.

முந்தின நாள் அங்கே போய் அவனைப் பார்த்திருந்தார்கள். டயர்க் கடையில் வேலை செய்கிற, கையில் கறுப்பு போகாத பையன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகத்தான் பேசினான்.

“ஒவ்வொரு நட்டையும் இறுக்கிட்டு, அக்காவோட கியூட்டெக்ஸ எடுத்து ஒரு கோடு இழுத்தேன் மேடம். நட்டுலருந்து இரும்பு வரைக்கும். நட்டு ஒரு துளி அசைஞ்சாலும் கோடு ரெண்டா பிரிஞ்சுரும். மச்சான் கூட சிரிச்சாரு. காருக்குக் கல்யாணமாடான்னு கேட்டாரு.”

“அப்ப நீங்க இறுக்கியிருக்கீங்க.”

“அப்பிடித்தான் நெனச்சேன்.” தன் கையின் கறுப்பைப் பார்த்தான். “இப்ப எனக்கே தெரியல மேடம். எல்லாரும் நான்தாங்கிறாங்க. கண்ண மூடினா அந்த நட்டு கழண்டு உருளுறதுதான் தெரியுது. அடுத்த தவணையில நீதவான் கேட்டா ஆமான்னு சொல்லிரப் போறேன்.”

“கோட்டைப் பார்த்துட்டு வர்றேன். அதுவரைக்கும் எதுவும் சொல்லாதீங்க.”



தர்ஷனா இப்போது சேற்றில் முழங்கால் ஊன்றி, சுவரில் சாய்ந்திருந்த சக்கரத்தின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தாள். காப்புறுதிக் கம்பனிகளுக்காகப் பல வருஷம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்த கண் அது. அந்த வேலையை விட்டுத் தனியாகத் துப்பறியும் ஒபீஸ் போட்ட பிறகும் வண்டிகள் அவளை விடவில்லை.

“பஹீம், கோடு எங்கயாவது பிரிஞ்சிருக்கா?”

“இல்ல மிஸ். நட்டு கழுத்தப் பிடிச்ச மாதிரி நிக்கிது. இரும்புதான் கிழிஞ்சீக்கி. பூட்டினவன் மேல பிழையில்ல. கல்லுல மோதினா காலு கழரத்தான் செய்யும், எனக்கும் கழரும்.”

“அப்ப கால் கழண்டதால விழல்ல. விழுந்ததாலதான் கால் கழண்டது.”

“அல்ஹம்துலில்லாஹ். பையன கூட்டிட்டுப் போவமா?”

“அப்ப ஏன் விழுந்தது?”

பஹீம் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பிடிக்காத கேள்வி அது. ஒரு கதவு திறந்தவுடன் அடுத்த கதவைக் காட்டுகிறவள் அவள்.

“உள்ள பாருங்க,” என்றாள் தர்ஷனா. “ஹேண்ட்பிரேக் மேல இழுத்தபடியே நிக்குது. கியர் முதல் கியர்ல இருக்கு. இறக்கத்துல ஓடிக்கிட்டிருக்கிறவர் ஹேண்ட்பிரேக்க எதுக்கு இழுக்கணும்?”

“காலால மிதிச்சது கேக்காட்டி.”

“இப்ப இந்த ரிம்முக்கு உள்பக்கத்தப் பாருங்க.”

ரிம்மின் உட்புறத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை ஒன்று படிந்து, அதில் புழுதி ஒட்டிக் காய்ந்திருந்தது. முழு வட்டமாக இருந்தது.

பஹீம் கொஞ்ச நேரம் பார்த்தான். “விழுந்து நின்ன பொறகு குழாய் கிழிஞ்சிருந்தா எண்ணெய் ஒரு பக்கம்தான் வடியும்.”

“சக்கரம் சுத்திக்கிட்டிருக்கும்போதே பிரேக் எண்ணெய் பீய்ச்சியிருக்கு. வளைவுக்கு வர முன்னமே பிரேக் போயிருச்சு.”

பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர் ஹோஸின் அறுந்த நுனி ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் தொங்கியது. பிய்ந்த ரப்பர் நாராக நிற்க வேண்டும். இது ஒரு பக்கம் வழுவழுப்பாக, அரம் போட்ட மாதிரி தேய்ந்திருந்தது. மீதி கொஞ்சம்தான் பிய்ந்திருந்தது. தர்ஷனா டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டு போனாள்.

ஹோஸையும் மஞ்சள் ஸ்பிரிங்கையும் சேர்த்துச் சுற்றி, ஒரு கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. கிரீஸில் கறுத்துப் போன கயிறு. மடிப்புக்குள் மட்டும் அதன் நிறம் மிச்சம் இருந்தது. நீல நைலோன்.

“சார்ஜன்ட்,” என்று கூப்பிட்டாள்.

சார்ஜன்ட் வந்து குனிந்து பார்த்தார். தமிழ் அவருக்கு வேலையில் பழகிய தமிழ்.

“இது காரோட வார சாமான் இல்ல.”

“இல்ல.”

“யாரோ கட்டினது.”

“ஆமா.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கயிற்றைப் படம் எடுத்தார். ஒரு கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவிழ்க்காமல் அப்படியே மூடி வைக்கச் சொன்னார். பிறகு தர்ஷனாவிடம் திரும்பினார்.

“மிஸ், இப்ப கேஸ் வேற. அந்தப் பொடியன் கவனமில்லாம பூட்டினது இல்ல, சரி. ஆனா கயிறு தானா வந்து கட்டாது. பின்னேரம் நான் ரிப்போர்ட் எழுத வேணும். கட்டின ஆள் பேர் தெரிஞ்சா பொடியன விட ஏலும். தெரியாட்டி அந்த வீட்டு ஆக்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து கேக்க வேணும். பொடியனும் உள்ளதான் ஈப்பான்.”

“பின்னேரத்துக்கு முந்தி சொல்றேன்,” என்றாள் தர்ஷனா. தன் போனிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

*

பஹீமின் ஓட்டோ மகாவலிப் பாலத்தைத் தாண்டிக் குண்டசாலைப் பக்கம் திரும்பும் வரை அவன் பேசவில்லை. அது அபூர்வம்.

“என்ன யோசனை?” என்றாள் தர்ஷனா பின்னாலிருந்து.

“கொல்ல வந்தவன் ஏன் கட்டோணும் மிஸ்? கத்தி ஒண்டு எடுத்து ஒரு கீறு கீறினா சரி. இவன் ஆடு கட்டுற மாதிரி கட்டியீக்கான்.”

“நானும் அதத்தான் யோசிக்கிறேன்.”

“ஆட்டுக்கும் ஒரு முடிச்சுதான் போடுவாங்க. இதுல மூணு முடிச்சு ஈக்கி. ஒண்டுக்கு மேல ஒண்டு. எங்கட வாப்பா குர்பானுக்கு மாடு கட்டினாலும் இவ்வளவு கவனமா கட்ட மாட்டாரு.”

“கொல்ல வர்றவன் அவசரத்துல இருப்பான். இது ஆறுதலா கட்டின முடிச்சு. பயமில்லாம, நேரம் எடுத்து.”

“அப்ப ஊட்டுக்குள்ள ஈக்கிற ஆள்.”

அந்த வீட்டில் இப்போது இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். ஒருத்தி பிரதீஸின் அம்மா ரத்தினம்மா. மற்றவள் பிரதீஸின் மனைவி லோஜினி, கணேஸின் அக்கா. தர்ஷனாவைத் தேடி வந்து இந்த வழக்கை ஒப்படைத்தவள் லோஜினிதான்.

“மிஸ், நம்மட கட்சிக்காரியே கட்டியிருந்தா என்ன செய்ற?”

“வாய மூடிட்டு ஓட்டுங்க.”

“வாய மூடினா கண் நல்லாத் தெரியும்கிறது உண்மைதான். அந்தா ஊடு.”

*

பின்முற்றத்தில் வேலை நடந்த இடம் அப்படியே கிடந்தது. கொங்கிரீட் தரையில் எண்ணெய் வட்டங்கள். காரைத் தாங்கிய மரக்குற்றிகள் மழையில் ஊறி நின்றன. கழற்றிப் போட்ட பழைய ஷொக் எப்சோபர்கள் சுவரோரம் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன.

லோஜினி வெள்ளைச் சேலையில் நின்று, யாரும் கேட்காமலே பேசினாள். காலி வீட்டில் பேச ஆள் கிடைத்தவளின் பேச்சு.

“அந்தா அங்கதான் ரெண்டு பேரும் படுத்துக் கெடப்பாங்க. போன்ல வீடியோவ ஓட விட்டுட்டு, நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்துப் பூட்டுவாங்க. மொதல்ல கார ரொம்பப் பதிச்சுட்டாரு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் போகல. சந்தி மேட்டுல ஏத்தினா அடி உரசுது. பிறகு கொஞ்சம் தூக்குனாங்க. தெருப் பசங்க எல்லாம் மதில்ல ஏறி நின்னு பார்த்துக்கிட்டிருப்பாங்க. அவருக்கு அதுல ஒரு பெரும.”

“உங்களுக்குப் பிடிக்கலயா?”

“எனக்கு என்ன தெரியும் மிஸ். சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அது போதும்னு இருந்தேன்.”

“கார் எங்க நிக்கும்?”

“அந்தச் சுவர ஒட்டி. இடம் காணாது, முன்சக்கரத்த முழுசாத் திருப்பித்தான் நிப்பாட்டுவாரு.”

முழுசாகத் திருப்பி நிறுத்தினால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கை தாராளமாக உள்ளே போகும். அப்படி நிற்கும்போது ஹோஸை இழுத்துக் கட்டினால், சக்கரம் மறுபக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் கயிறு ரப்பரை அறுக்கும். மலைப் பாதையில் திரும்பாத சக்கரம் எது? தர்ஷனா இதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பஹீம் தொண்டையைச் செருமினான்.

அவன் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். துணி காயப்போடும் கொடி. கொய்யா மரத்திலிருந்து ஜன்னல் கம்பி வரை நீல நைலோன். ஜன்னல் பக்கத்து நுனியை நெருப்பில் உருக்கவில்லை. புதிதாக வெட்டிய நுனி, இழை இழையாகப் பிரிந்து நின்றது.

தர்ஷனா போனை எடுத்துப் படத்தை லோஜினியிடம் நீட்டினாள்.

“இது பிரதீஸோட கார் சக்கரத்துல இருந்துச்சு. பிரேக் போனது இதனாலதான். உங்க தம்பி பூட்டினதுல ஒரு பிழையும் இல்ல.”

லோஜினி படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. தர்ஷனா எதிர்பார்த்தது ஆச்சரியத்தைத்தான்.

“உங்க கொடிக் கயிறு,” என்றாள் மெதுவாக.

“ஆமா.”

“யார் கட்டினது லோஜினி?”

அவள் கண் சமையலறைக் கதவுப் பக்கம் போய், உடனே தரைக்குத் திரும்பியது. பஹீம் தர்ஷனாவைப் பார்த்தான். ஓட்டோவில் கேட்ட கேள்வி அந்தப் பார்வையில் திரும்ப வந்தது.

“நீங்களா?”

“நான் கட்டல மிஸ்.”

“பின்னே?”

“அவ என்னத்தக் கட்டினா?” என்று ஒரு குரல் வந்தது.

ரத்தினம்மா கதவில் நின்றாள். மடுல்கெல்ல மலையில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனி காய்த்துப்போன விரல்கள் கதவு நிலையைப் பிடித்திருந்தன. மகன் செத்த நாளிலிருந்து மருமகளோடு பேசாதவள். கணேஸின் பெயர் வரும் இடத்தில் ‘அவ தம்பி’ என்று மட்டும் சொல்கிறவள்.

“ஒண்ணுமில்ல அம்மா,” என்றாள் தர்ஷனா. போனைத் தாழ்த்தினாள். தாழ்த்திய விதம்தான் பிழையாகப் போனது. ரத்தினம்மாவுக்குப் படம் நன்றாகத் தெரிந்தது.

அவள் இறங்கி வந்து போனைத் தன் கையில் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தாள்.

“இது நம்ம கயிறுல்ல,” என்றாள். “எங்கங்க கெடச்சிச்சு? எல்லாம் நொறுங்கிப் போச்சுன்னு சொன்னாங்களே. இது மட்டும் அறாம இருக்கு பாருங்க.”



“மூணு முடிச்சும் அப்பிடியே இருக்கு,” என்றாள் ரத்தினம்மா. குரலில் முதல்முறையாக ஏதோ ஒன்று இளகியது. “நான் போட்டது. மொத முடிச்சு முருகனுக்கு. அடுத்தது மாரியாத்தாவுக்கு. கடசி முடிச்சு எங்க குலசாமிக்கு.”

பஹீம் தன் தொப்பியைக் கழற்றினான். எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“எப்பம்மா கட்டினீங்க?” தர்ஷனாவின் குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

“ஒரு வெள்ளிக்கெழம காலையில. மொதல்ல நான் கறுப்புக் கயித்துல எலுமிச்சங்காயும் மொளகாயும் கோத்து முன்னாடி தொங்க விட்டிருந்தேன். கார எறக்குனானுகளா, அது ரோட்டுல இழுபட்டு அறுந்து போச்சு. காவலுக்குக் கட்டுன கயிறு அறுந்தா நல்லதில்லைங்க. நெஞ்சுல திக்குனு ஆயிருச்சு. கோயில் நூல வாங்கியாந்து கட்டுனேன். அதுவும் ரெண்டு நாள்ல அறுந்துருச்சு. அதான் இனி அறவே கூடாதுன்னு கொடிக் கயித்துல கொஞ்சம் வெட்டிக்கிட்டேன்.”

“ஏன் சக்கரத்துக்குள்ள?”

“வெளிய கட்டுனா அவன் அவுத்து எறிஞ்சிருவான். என்னம்மா இது, கார்க் கூந்தலுக்கு ரிப்பனான்னு கேப்பான்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “அதோட, கண்ணு பட்டது அந்த மஞ்சக் கம்பியிலதான. தெருவே வாயப் பொளந்து அதத்தான பார்த்துச்சு. பட்ட எடத்துலதான காவலு போடணும். வெறும் கம்பியில கட்டுனா நழுவுது. பக்கத்துல ஒரு கறுப்புக் குழா இருந்துச்சு. ரெண்டையும் சேத்து, பல்லக் கடிச்சுக்கிட்டு இறுக்குனேன்.”

அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் படத்தைத் துடைத்தாள்.

“இறுக்கி என்ன செய்ய. என் முடிச்சு நின்னுச்சு. அவ தம்பி போட்ட நட்டு நிக்கல.”

தர்ஷனா பல மரணங்களை வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில் உட்காரச் சொல்வது, பிறகு ஒரே வசனத்தில் சொல்வது. இந்தப் பின்முற்றத்தில் உட்கார மரக்குற்றிகள்தான் இருந்தன.

“ரத்தினம்மா, கொஞ்சம் உட்காருங்க.”

“எனக்கென்ன, நின்னுக்கிட்டே கேக்குறேன்.”

“கணேஸ் போட்ட நட்டு ஒண்ணும் கழரல. எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு.”

“பொறகு?”

“அந்தக் கறுப்புக் குழாய் பிரேக்குக்குப் போற குழாய்.”

ரத்தினம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளங்காத பார்வையாகத்தான் முதலில் இருந்தது. பிறகு அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“குழாய்க்கு என்ன ஆச்சு?” என்றாள்.

“சக்கரம் திரும்பத் திரும்ப, கயிறு அதை அறுத்திருச்சு.”

“கயிறு அறல.”

“இல்ல.”

“குழா அறுந்துருச்சு.”

“ஆமாம்மா.”

அவள் அழவில்லை. கீழே உட்கார்ந்தாள், மரக்குற்றியில் இல்லை, கொங்கிரீட்டில். மகன் மல்லாந்து கிடந்து நட்டுத் திருகிய எண்ணெய் வட்டத்துக்குள்.

“நீ பார்த்தியா?” என்றாள். அந்தக் கேள்வி மருமகளுக்கு.

பல நாளுக்குப் பிறகு மாமியார் தன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. லோஜினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பார்த்தேன் அத்தை. சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு பார்த்தேன்.”

“அப்ப உனக்குத் தெரியும்.”

“கட்டுனப்ப தெரியாது. நின்ன எடத்துலயே கும்புட்டுக்கிட்டேன் நானும். தம்பியப் பார்க்க ஜெயிலுக்குப் போனப்ப அவன்தான் கேட்டான், சக்கரத்துக்கிட்ட யாராவது கை வச்சாங்களா அக்கான்னு. இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போதுதான் அந்தக் கயிறு ஞாபகம் வந்துச்சு.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“என்னன்னு சொல்லுவேன் அத்தை? என் தம்பிய வெளிய எடுக்க நான் உங்க மேல பழி போடுறேன்னுதான் ஊர் சொல்லும். நீங்களும் அப்பிடித்தான் சொல்லியிருப்பீங்க. அதான் வெளியாள் ஒருத்தங்க பார்த்துச் சொல்லட்டும்னு இவங்களக் கூட்டியாந்தேன். அது இல்லன்னு சொல்லிருவாங்கன்னு வேண்டிக்கிட்டே இருந்தேன்.”

தர்ஷனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வழக்கை ஒப்படைக்க வந்த அன்று லோஜினி கொலைகாரனைக் கண்டுபிடிக்கச் சொல்லவே இல்லை. காரைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். துப்பு தேவைப்பட்டவள் இல்லை அவள். தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டவள்.

பஹீம் கொய்யா மரத்தடியில் போய் மறுபக்கம் திரும்பி நின்றான்.

தர்ஷனாவின் போன் ரத்தினம்மாவின் மடியில் கிடந்து அடித்தது. சார்ஜன்ட். தர்ஷனா எடுத்து, கொஞ்ச நேரத்தில் தானே கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தாள்.

“யாரு?” என்றாள் ரத்தினம்மா.

“பொலிஸ். கட்டினது யார்னு கேக்குறாங்க.” தர்ஷனா அவளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். “அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. நட்டு சரியா இருந்துச்சு, பிரேக் குழாய் தேஞ்சு போச்சுன்னு மட்டும் நான் எழுதிக் குடுக்கலாம். கயிறு யார் கட்டினதுன்னு கண்டுபிடிக்க முடியலன்னு எழுதலாம். உங்க பேர் வரணும்னு இல்ல.”

“எழுதுனா அந்தப் பையன விட்டுருவாங்களா?”

தர்ஷனா பொய் சொல்லத் தெரிந்தவள். அந்த முகத்துக்கு முன்னால் வரவில்லை.

“உடனே விட மாட்டாங்க. கொஞ்சம் இழுபடும்.”

“கட்டுனது யாருன்னு தேட மாட்டாங்களா?”

“தேடுவாங்க.”

“தேடிக்கிட்டு எங்க வருவாங்க? இங்கதான வருவாங்க. இந்த வீட்டுல யாரு இருக்கா?” ரத்தினம்மா தலையைத் திருப்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பெத்தவ மேல யாருக்கும் சந்தேகம் வராது. இவளத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க. இவளுக்கு யாரும் வர மாட்டாங்க. தம்பியும் உள்ள.”

“அத்தை,” என்றாள் லோஜினி.

“நீ சும்மா இரு.”

“கொல்லணும்னு நீங்க கட்டல,” என்றாள் தர்ஷனா. “அது சட்டத்துக்கு விளங்கும் அம்மா. நான் கூடவே வர்றேன்.”

“சட்டத்துக்கு விளங்கும்,” என்றாள் ரத்தினம்மா. “எனக்கு என்னத்த விளங்கும்?”

அவள் கையூன்றி எழுந்தாள். லோஜினி பிடிக்க வந்தாள். தள்ளிவிடவில்லை. சேலையில் ஒட்டிய எண்ணெயைத் தட்டினாள். அது போகவில்லை. கையை நீட்டினாள்.

“குடுங்க அத. எந்த எடத்த அமுக்கணும்?”

தர்ஷனா நம்பரை அமுக்கிக் கொடுத்தாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் சார்ஜன்டின் குரல் கேட்டது.

ரத்தினம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, நான் பிரதீஸோட அம்மா பேசுறேன்,” என்றாள். “வீட்டுல இருக்குற பிள்ளைய ஒண்ணும் கேக்க வேணாம். அவளுக்குத் தெரியாது. அவ தம்பிய விட்டுருங்க. எம் மகனக் கொன்னது நான்தாங்க.”

லோஜினி அவள் தோளைப் பிடித்தாள். அந்தப் பக்கம் சார்ஜன்ட் ஏதோ கேட்டார்.

“இல்லைங்க,” என்றாள் ரத்தினம்மா. “வேற ஆள் யாரும் இல்ல. நான் ஒருத்திதான் கட்டுனேன்.”